யார் போய்த் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தது?

எங்கள் ஊர் வேலூர். வெயிலைப் பற்றி எழுத இதைவிட வேறு தகுதி வேண்டுமா என்ன? மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று ஊரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. அதில் அந்த மரமில்லாத மலைதான் வில்லன். பகலெல்லாம் பாறை வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் நம் மீது ஊதும்.

போன மே மாதம், கத்திரி தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும், அம்மா கூழ் வடகம் ஊற்றி மொட்டை மாடியில் காயப் போட்டிருந்தார். காக்காய் விரட்டும் உத்தியோகம் எனக்கு. தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் விட்டுவிட்டுப் போன அறிவியல் புத்தகம் ஒன்றை விசிறியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த அம்மா, நடுவில் அதைப் பிரித்துப் படித்துவிட்டு கேட்டார்: "சூரியன் மேல 5,500 டிகிரியாம். யாருடா போய்த் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தது?"

"விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சிருக்காங்கம்மா" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்று வருடம் கல்லூரியில் இயற்பியல் படித்தவன் நான், அதற்குக் கட்டிய ஃபீஸ் கணக்கு அந்தப் பார்வையில் இருந்தது. நியாயமான கேள்விதானே. 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒன்று, கிட்டே போக முடியாது, நேராகப் பார்க்கக்கூட முடியாது, அதற்கு எப்படி இவ்வளவு துல்லியமாக ஒரு எண்ணைச் சொல்கிறார்கள்?

கீழே போய், கொரோனா காலத்தில் வாங்கிய காய்ச்சல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தேன். நெற்றிக்கு நேரே நீட்டினால் பீப் என்று எண் காட்டுமே, அதுதான். அதில் பொருட்களின் சூட்டைப் பார்க்க இன்னொரு அமைப்பு உண்டு, பலருக்கு அது தெரியாது. அதற்கு மாற்றித் தளத்தில் காட்டினேன், 61. போன வருடம் வெள்ளை அடித்த பக்கம் 46. வடகம் காய்கிற வேட்டிக்கு 49. செய்தியில் அன்றைக்கு வேலூருக்கு 41 சொன்னார்கள், அம்மாவுக்கு அது பெரிய மோசடியாகத் தெரிந்தது. அது மோசடி இல்லை. வானிலைக்காரர்கள் அளப்பது காற்றின் சூடு. வெள்ளைப் பெயின்ட் அடித்து, காற்று புகுந்து வெளியேறச் சாய்வுப் பலகைகள் வைத்த மரப்பெட்டிக்குள், வெயில் நேரடியாகப் படாமல் வைத்த தெர்மாமீட்டர் காட்டும் எண் அது. வெயிலில் நிற்கிற மனிதனுக்கு அந்த எண் பொருந்தாது, தளத்தில் வெறுங்காலோடு ஓடுகிறவனுக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

ஆனால் அம்மா பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. "இது தரையைத் தொடவே இல்லையே, அப்புறம் எப்படிச் சொல்லுது?"

அதுதான், அங்கேதான் பதில் இருக்கிறது. சூடான எந்தப் பொருளும் சும்மா இருக்காது, தன் சூட்டுக்குத் தக்கபடி கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். நம் நெற்றியும் வீசுகிறது, தளமும் வீசுகிறது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக. எவ்வளவு வீசுகிறது என்று தெரிந்தால் எவ்வளவு சூடு என்று சொல்லிவிடலாம். இரும்புப் பட்டறையில் ஆசாரி கம்பியைத் தொட்டா பார்க்கிறார்? நிறத்தைப் பார்த்தே அடிக்கிறார். முதலில் மங்கின சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், இன்னும் ஏற்றினால் வெண்மை. சூரியனும் பட்டறையில் இருக்கிற கம்பி மாதிரிதான், என்ன, பட்டறை கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. (துப்பாக்கியை நேரே சூரியனுக்கு நீட்டிப் பார்க்கலாமே என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், வேண்டாம். அது அதற்குச் செய்தது இல்லை, பாழாய்ப் போகும்.)

இந்த விதி கையில் கிடைப்பதற்கு முன்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் இந்த எண்ணுக்காக அடித்துக்கொண்டது பெரிய கூத்து. சூரியனிலிருந்து எவ்வளவு வெப்பம் வருகிறது என்று எல்லோரும் ஓரளவு ஒத்துக்கொண்டார்கள். சூட்டுக்கும் கதிருக்கும் என்ன கணக்கு என்பதில்தான் சண்டை. சூடு இரண்டு மடங்கானால் கதிரும் இரண்டு மடங்கு என்று ஒரு கட்சி, இல்லை, அது எகிறிக்கொண்டே போகும் என்று இன்னொரு கட்சி. அதனால் ஒரே சூரியனுக்கு ஒருவர் 1,800 டிகிரி என்றார், வேறொருவர் கோடி டிகிரிக்கு மேல் என்றார். மளிகைக் கடையில் ஒரே மூட்டைக்கு ஒருவன் பத்து ரூபாயும் ஒருவன் ஐம்பதாயிரமும் சொல்வது மாதிரி. அதற்கும் முந்தைய தலைமுறையில் வில்லியம் ஹெர்ஷல், அகச்சிவப்புக் கதிரையே 1800-ல் கண்டுபிடித்த அதே மனிதர், சூரியனின் பிரகாசம் மேலே போர்த்திய மேகம்தான், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், உயிர்கள்கூட வாழலாம் என்று நம்பினார். கெட்டிக்காரர்கள் தப்பு செய்யும்போதும் ரசனையாகச் செய்கிறார்கள்.

1879-ல் வியன்னாவில் ஜோசப் ஸ்டெஃபான் என்பவர் முடிச்சை அவிழ்த்தார். முழுமையான வெப்பநிலை, அதாவது மைனஸ் 273-ல் இருந்து எண்ணத் தொடங்கும் கெல்வின் கணக்கு, அதன் நான்காம் அடுக்குக்குத் தக்கபடி கதிர் வெளியாகும் என்றார். சூடு இரண்டு மடங்கானால் கதிர் பதினாறு மடங்கு. சொன்னதோடு நிற்காமல் உடனே சூரியனுக்குப் போட்டுப் பார்த்தார். சோரே என்ற ஒருவர் அதற்கு முன்பே ஒரு சோதனை செய்திருந்தார். வட்டமான உலோகத் தகட்டை 1,900, 2,000 டிகிரிக்குச் சூடாக்கி, சூரியன் வானத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதே அளவுக்குத் தெரிகிற தூரத்தில் வைத்து, சூரியனிலிருந்து வரும் வெப்பம் அதைப்போல் 29 மடங்கு என்று அளந்திருந்தார். வரும் வழியில் நம் காற்று மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்று ஸ்டெஃபான் கணித்தார், ஆக 29 என்பது 43.5 ஆனது. அதற்கு நான்காம் மூலம் எடுத்தால் சுமார் 2.57. தகட்டின் முழுமையான வெப்பநிலையை அதனால் பெருக்கினார். விடை 5,430 டிகிரி செல்சியஸ்.

ஒரு தகடு, ஒரு பெருக்கல். இன்றைக்குச் சொல்லும் 5,500-க்கு அவ்வளவு பக்கத்தில். இதை முதல் முறை படித்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, அவர் செய்ததை நாமே செய்து பார்க்கலாமா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு பழைய காலண்டர் அட்டையில் ஊசியால் துளை போட்டேன். மாடிப்படி அறையின் கதவில் அட்டையை ஒட்டி, உள்ளே இருட்டில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினால் அதில் ஒரு சின்ன வட்டம் விழும். அது வெறும் வெளிச்சம் இல்லை, சூரியனின் பிம்பமே அது. வேப்ப மரத்தடியில் காசு இறைத்த மாதிரி வட்ட வட்டமாக வெளிச்சம் கிடக்கும் இல்லையா, இலை இடுக்கு எந்த வடிவமாக இருந்தாலும் தரையில் வட்டம்தான் விழுகிறது, அத்தனையும் சூரியனின் படம். கிரகணத்தன்று பாருங்கள், எல்லாக் காசும் பிறையாகிவிடும். இதில் ஒரே ஒரு நிபந்தனை, துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, முதுகைக் காட்டிக்கொண்டு தாளை மட்டும் பார்க்க வேண்டும்.

தாளைத் துளையிலிருந்து 2 மீட்டர் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது வட்டத்தின் அகலம் 2 சென்டிமீட்டர். ஓரம் கொஞ்சம் மங்கல்தான், அம்மா தையல் டேப்பால் இரண்டு முறை அளந்தார். அப்படியென்றால் சூரியனின் விட்டத்தைப்போல் 107, 108 மடங்கு தூரத்தில் நாம் இருக்கிறோம். விட்டத்தில் பாதி ஆரம், ஆக ஆரத்தைப்போல் சுமார் 215 மடங்கு. எனக்கு வேண்டியது இந்த 215 மட்டும்தான்.

இன்னொரு எண் செயற்கைக்கோள்கள் அளந்து சொன்னது. காற்று மண்டலத்துக்கு மேலே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டரில் விழுவது 1,361 வாட். தரைக்கு வருவதற்குள் நல்ல உச்சி வெயிலில் ஆயிரம் வாட் போல் மிஞ்சும். ஆயிரம் வாட் என்றால் ஒரு இஸ்திரிப் பெட்டி. அம்மாவின் வடகம் மொத்தம் மூன்று சதுர மீட்டர் இருக்கும், மூன்று இஸ்திரிப் பெட்டி காலையிலிருந்து ஓடுகிறது, கரன்ட் பில் இல்லாமல்.

இப்போது கணக்கு. 215 மடங்கு கிட்டே போனால் வெளிச்சம் 215-ஐ 215-ஆல் பெருக்கிய அளவுக்குக் கூடும், அதாவது சுமார் 46 ஆயிரம் மடங்கு. 1,361-ஐ அதனால் பெருக்கினால் 6 கோடியே 29 லட்சம் வாட். சூரியனின் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டர், ஒரு பாய் விரிக்கிற இடம்கூட இல்லை, அங்கே 63 ஆயிரம் இஸ்திரிப் பெட்டி. இதை ஸ்டெஃபான் விதியில் வரும் மாறிலியால் வகுத்து, போனில் இரண்டு முறை வர்க்கமூலம் அழுத்தினேன். 5,772 கெல்வின். 273-ஐக் கழித்தால் 5,499.

"புத்தகத்துல போட்டிருக்கிறது சரிதான்" என்றார் அம்மா, ஏதோ புத்தகத்துக்கு மார்க் போடுகிற மாதிரி.

5,500 என்றால் எவ்வளவு என்று மனதில் ஒட்ட வேண்டுமே. இரும்பு 1,538-ல் உருகும், 2,900-ஐத் தொடுவதற்குள் கொதித்தே போகும். பழைய குண்டு பல்பில் இருந்த டங்ஸ்டன் இழை 2,500-ஐ ஒட்டிய சூட்டில் எரிந்தது, டங்ஸ்டனே 3,422-ல் உருகிவிடும். சூரியனின் மேற்பரப்பில் கெட்டியாக நிற்கக்கூடிய பாத்திரம் என்று ஒன்றுமே கிடையாது. ஆனால் ஒரு விஷயம், மின்னல் அதைவிடச் சூடு. மின்னல் பாயும் தடத்தில் காற்று கண நேரத்துக்கு 30,000 கெல்வின் வரை போகும், சூரிய மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. தலைக்கு மேல் அது வெட்டும்போது நாம் போய்ப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்போம்.

அப்புறம் "மேற்பரப்பு" என்பதே ஒரு ஒப்புக்குச் சொல்கிற வார்த்தை. கால் வைக்கத் தரை அங்கே இல்லை. நமக்கு ஒளி தப்பித்து வரும் அடுக்குக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள், அது நாம் மூச்சு விடும் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியது. அதிலேயே இடத்துக்கு இடம் சூடு வேறு. கரும்புள்ளி என்கிறோமே, அங்கே காந்தப்புலம் கீழிருந்து வரும் சூட்டைத் தடுப்பதால் 4,000 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். சுற்றியிருப்பது அதைவிட எரிவதால்தான் அது கறுப்பாகத் தெரிகிறது, தனியே எடுத்து ராத்திரி வானத்தில் மாட்டினால் கண் கூசும். இந்தப் புள்ளிகளை கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறு வருடத்துக்கும் மேலாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஏரி, போட், ஹோம்மேட் சாக்லேட் என்று போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அங்கேயும் ஏறிவிட்டு வரலாம்.

கணக்கைச் சரிபார்க்க இன்னொரு வழியும் வந்தது, இந்த முறை கல்கத்தாவிலிருந்து. சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும், ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடு. எந்தச் சூட்டில் எந்தத் தனிமம் எலக்ட்ரானை இழந்து நிற்கும் என்ற சமன்பாட்டை மேக்நாத் சாகா 1920-ல் கொடுத்தார். அதை வைத்துக் கோடுகளைப் படித்தே சூட்டைச் சொல்லலாம். அதே சமன்பாட்டை எடுத்துக்கொண்டுதான் 1925-ல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண், நட்சத்திரங்களில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் என்று தன் ஆய்வேட்டில் காட்டினார். அதுவரை பூமியில் இருக்கிற கலவைதான் சூரியனிலும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெரியவர் ஒருவர், ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், இது நடக்காத காரியம் என்று சொல்ல, அந்தப் பெண் தன் விடையையே "உண்மையாக இருக்க வாய்ப்பில்லை" என்கிற தொனியில் எழுத வேண்டியதாயிற்று. நாலு வருடம் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே விடைக்கு வந்து சேர்ந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், ஆனால் அது வேறு பதிவு.

சரி, உள்ளே போவோம். சூரியனின் நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது, அதில் காணாமல் போகும் 40 லட்சம் டன்தான் வெளிச்சமாகவும் வெப்பமாகவும் வருகிறது. இதைக் கேட்டால் உள்ளே நிமிஷத்துக்கு நிமிஷம் குண்டு வெடிக்கிற மாதிரிப் படம் மனதில் வரும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். உண்மை அதற்கு நேர் எதிர். சூரியனின் நட்டநடுவில் ஒரு கன மீட்டர் இடத்தில் உண்டாகும் சக்தி சுமார் 276 வாட் மட்டுமே. எங்கள் மாமா வீட்டு எருக்குழி அளவுக்கு. ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே 100 வாட் விடுகிறான், அவன் உடம்பு முக்கால் மூட்டை அரிசி அளவுதான், அளவுக்கு அளவு பார்த்தால் சூரியனின் நடுப்பகுதியைவிட நாம் ஐந்து மடங்கு மும்முரமாக எரிகிறோம்.

"அப்போ நான் சூரியனைவிடச் சூடா?" என்றார் அம்மா. அப்பாவைக் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

பிறகு எப்படி ஒன்றரைக் கோடி டிகிரி? ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே கை வைக்க முடியாதபடி சூடு ஏறும், கவனிக்காவிட்டால் தானே பற்றிக்கொள்ளவும் செய்யும். ஒரு பிடி வைக்கோலுக்கு அந்தச் சூடு வராது, போர் பெரிதாக இருப்பதால் சூடு வெளியே போக வழியில்லை. சூரியன் பூமியைப்போல் 109 மடங்கு அகலமான போர். அத்தனை பாரமும் நடுவை அழுத்துகிறது, அழுத்தத்தில் சூடு ஏறுகிறது, ஏறின சூடு வெளியே வர ஆயிரக்கணக்கான வருடங்கள் தட்டுத்தடுமாறி வர வேண்டியிருக்கிறது. மேலே வந்துவிட்டால் அப்புறம் நம் மாடிக்கு 8 நிமிடம் 20 நொடி.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த கிறுக்குத்தனம். அடுப்பிலிருந்து விலகிப் போகப் போகச் சூடு குறைய வேண்டும்தானே? சூரியனில் மேற்பரப்பு 5,500, அதற்கு மேலே இருக்கும் காற்று மாதிரியான கொரோனா பத்து இருபது லட்சம் டிகிரி. முழு கிரகணத்தன்று வெள்ளி முடி விரித்த மாதிரித் தெரியுமே, அதுதான். (வைரஸுக்கு 1968-ல் பெயர் வைத்தவர்கள் இதைப் பார்த்துத்தான் வைத்தார்கள், ஆக என் கையில் இருந்த துப்பாக்கிக்கும் சூரியனுக்கும் ஒரு பெயர்த் தொடர்பு இருக்கிறது.) 1869 கிரகணத்தில் அங்கே யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு பச்சைக் கோடு தெரிந்தது, புதுத் தனிமம் என்று நினைத்து கொரோனியம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். எழுபது வருடம் கழித்து, 1940-ஐ ஒட்டி, அது நம் பழைய இரும்பு என்று தெரிந்தது. 26 எலக்ட்ரானில் 13-ஐப் பறிகொடுத்த இரும்பு. அவ்வளவு பறிபோக வேண்டுமென்றால் லட்சக் கணக்கில் சூடு வேண்டும். ஏன் மேலே போனால் இப்படிச் சூடாகிறது என்பதற்கு காந்தப்புல அலைகள், குட்டி வெடிப்புகள் என்று காரணங்கள் சொல்கிறார்கள், வழக்கு இன்னும் முடியவில்லை. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து 2023 செப்டம்பர் 2-ல் அனுப்பிய இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் பார்க்கர் விண்கலம் அந்த கொரோனாவுக்குள்ளேயே புகுந்து வந்தது. 2024 டிசம்பர் 24-ல் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரை போனது. லட்சக் கணக்கான டிகிரிக்குள் போனது ஏன் உருகவில்லை? பரணில் தீபாவளிக்கு மிஞ்சின கம்பி மத்தாப்பு ஒரு பெட்டி இருந்தது, எடுத்துவந்து கொளுத்தி அம்மாவிடம் கொடுத்தேன், பட்டப்பகலில். மத்தாப்புப் பொறி ஆயிரம் டிகிரிக்குக் குறையாது, கையில் பட்டால் சுருக் என்பதோடு சரி. நூறு டிகிரிக் கொதிநீர் ஒரு கரண்டி பட்டால் ஆஸ்பத்திரி. பொறி சூடுதான், ஆனால் அதில் சரக்கு இல்லை. கொரோனாவும் அப்படித்தான், சூடு அதிகம், பொருள் மிக மிகக் குறைவு. அதனால் விண்கலத்தின் முகப்பில் இருந்த 11.5 சென்டிமீட்டர் கார்பன் கேடயம் ஆயிரம் டிகிரியை ஒட்டித்தான் போனது, அதன் நிழலில் கருவிகள் 30 டிகிரி வாக்கில் சுகமாக இருந்தன. வேலூரைவிடச் சுகம். அந்தப் பெயருக்குரிய யூஜீன் பார்க்கர், சூரியனிலிருந்து ஒரு காற்று வீசிக்கொண்டே இருக்கிறது என்று 1958-ல் எழுதிய கட்டுரையைப் பரிசீலகர்கள் குப்பை என்றார்கள். பத்திரிகை ஆசிரியர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அவருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதால் அச்சிட்டார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அம்மாவுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது: மே மாதம் சூரியன் நமக்குக் கிட்டே வருகிறதா? இல்லை, கிட்டே வருவது ஜனவரியில், 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில்தான் ரொம்பத் தூரம், 15.2 கோடி. வேலூருக்கு ஏப்ரல் 24, 25 வாக்கில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும், அன்று மத்தியானம் கம்பத்துக்கு நிழலே விழாது. அதற்குப் பிறகு சில வாரம் தரையில் சேர்ந்த சூடுதான் கத்திரி.

"சரி" என்று எழுந்துபோய் வடகத்தில் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தார். படக்கென்று உடையவில்லை, நடுவில் கொஞ்சம் வளைந்தது.

"இன்னும் ஒரு வெயில் வேணும். நாளைக்கும் லீவுதானே உனக்கு?"